மரபிடங்களைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய பணிகளுக்காக ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். பழங்காலக் கட்டடங்களையும் குகை ஓவியங்களையும் காடுகளையும் கடற்கரைகளையும் மக்கள் நேரில் வந்து பார்ப்பதன் வழியாகவே காப்பாற்ற முடியும் என்ற நம்பிக்கையோடு எங்கள் குழு தொடங்கியுள்ள பொது நிதிக்கு உங்கள் உதவியை வேண்டி இம்மடலை எழுதுகிறோம். பார்க்க வருபவர்கள் நுழைவுக்கட்டணம் செலுத்துகிறார்களே, அதைக் கொண்டே பராமரிக்கலாமே என்று பலர் எங்களிடம் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கட்டண வருமானம் ஓரிடம் திறக்கப்பட்ட பிறகே வரத் தொடங்கும். அந்த இடத்தின் ஆயுளைத் தீர்மானிக்கும் பணிகளோ, முதல் பார்வையாளர் காலடி வைப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே நிதி திரட்டுகிறோம்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன நேரும் என்பதற்குப் பிரான்சின் லாஸ்கோ குகை சான்று. சுமார் 17,000 ஆண்டுப் பழமை கொண்ட அதன் ஓவியங்கள் 1940 இல் கண்டறியப்பட்டு, 1948 இல் மக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டன. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வரத் தொடங்கியதும், அவர்கள் வெளிவிட்ட மூச்சிலிருந்த கரியமில வாயுவும் ஈரப்பதமும், உடல் வெப்பமும், விளக்கொளியும் சேர்ந்து சுவர்களில் பாசியையும் சுண்ணப் படிவையும் உண்டாக்கின. 1963 இல் குகை மூடப்பட்டது. 1983 முதல் மக்கள் பார்ப்பது அருகில் அமைக்கப்பட்ட பிரதிகளைத்தான். வந்தவர்களில் எவரும் ஓவியங்களைக் கெடுக்க எண்ணி வரவில்லை. எத்தனை பேரை அந்தக் குகை தாங்கும் என்று முன்னதாகவே அளந்து பார்க்காததுதான் குறை.

இயற்கை இடங்களுக்கும் இதே நிலைதான். தாய்லாந்தின் மாயா விரிகுடா பேரளவில் வருமானம் ஈட்டிய இடமாக இருந்தும், படகுகளும் கூட்டமும் பவளப் பாறைகளைச் சிதைத்ததால் 2018 இல் மூடப்பட்டது. 2022 இல் மீண்டும் திறந்தபோது படகுகள் விரிகுடாவுக்குள் வரத் தடை விதித்து, தீவின் மறுபுறத்தில் இறங்குதுறை அமைத்து, ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு கட்டினார்கள். மூடுவதற்கு முன்பே இவற்றையெல்லாம் செய்திருக்கலாம் அல்லவா?

நன்றாகத் திட்டமிட்ட இடங்களும் இருக்கின்றன. ருவாண்டாவில் மலைக் கொரில்லாக்களைப் பார்க்கச் செல்லும் குழுவில் எட்டுப் பேருக்கு மேல் அனுமதி இல்லை. கொரில்லாக்களின் அருகில் ஒரு மணி நேரமே இருக்கலாம். மனிதரிடமிருந்து சளி, காய்ச்சல் தொற்றாமல் இருக்க இடைவெளி காக்க வேண்டும் என்பதும் விதி. பூங்காக்களின் சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கு 2005 முதல் சுற்றியுள்ள ஊர்களின் பள்ளி, மருத்துவ நிலையம், குடிநீர் போன்ற தேவைகளுக்குச் செல்கிறது. அப்பங்கு இப்போது 10 சதவீதம். 2018 இல் மலைக் கொரில்லா, மிக அபாயநிலை என்ற பட்டியலிலிருந்து ஒரு படி மேலேறி அபாயநிலைக்கு வந்தது. காவலர்களும் கால்நடை மருத்துவர்களும் பல ஆண்டுகள் உழைத்ததன் விளைவு இது. அக்கம்பக்கத்து மக்களுக்குப் பயன் கிடைக்காத எந்தப் பாதுகாப்பும் நிலைக்காது என்பதில் எங்கள் குழுவில் இருவேறு கருத்து இல்லை.

நிதி எதற்குச் செலவாகும் என்பதைச் சொல்லிவிடுகிறோம். பெரும்பங்கு, பார்ப்பவர் கண்ணில் படாத பணிகளுக்கே போகும்: கட்டடத்தின் ஒவ்வொரு விரிசலையும் அளந்து வரைபடமாக்குதல், மழைநீர் அடித்தளத்தில் தேங்காமல் வடிகால் அமைத்தல், எத்தனை பேர் எந்த வழியாக நடந்தால் மண்ணும் செடிகளும் தாங்கும் என்று கணித்தல். அடுத்தது பழுதுபார்ப்பு. சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய சுவரில் சிமெண்ட் பூசுவது இன்றும் தொடரும் தவறு. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியேற்றும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட நீரில் கரைந்துள்ள உப்புகள் படிகமாகும்போது கல்லும் செங்கல்லும் உதிரும். நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்பே கேடாக முடியலாம் என்பதற்கு ஏதென்ஸில் உள்ள பழங்காலக் கிரேக்கப் பளிங்குக் கோயிலான பார்த்தினானைச் சொல்லலாம். பழங்காலக் கிரேக்கர்கள் ஈயத்தால் மூடிப் பொருத்திய இரும்புப் பட்டைகளுக்கு மாறாக, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஈய உறையில்லாத இரும்புப் பட்டைகளைப் பயன்படுத்தினார்கள். அவை துருப்பிடித்து விரிந்து பளிங்கைப் பிளந்ததால், பின்னர் அவற்றை அகற்றிவிட்டு டைட்டேனியம் பட்டைகளைப் பொருத்த வேண்டியதாயிற்று. ஆகவே சுண்ணாம்புக் காரை அரைக்கவும் பூசவும் தெரிந்த கொத்தனார்களுக்கு உரிய கூலி தருவதற்கும், அவர்களிடம் இளைஞர்கள் தொழில் கற்பதற்கும் தனியாகப் பணம் ஒதுக்குகிறோம். உள்ளூர் வழிகாட்டிகளுக்கான பயிற்சியும் இந்நிதியிலிருந்தே நடைபெறும்.

பொதுமக்களும் நாடுகளும் ஒன்றுகூடிக் கொடுத்தால் எவ்வளவு பெரிய வேலையும் நடக்கும் என்பதற்கு எகிப்தின் அபு சிம்பெல் கோயில்களே போதும். அஸ்வான் அணையின் நீரில் அவை மூழ்கும் நிலை வந்தபோது, 1960 இல் யுனெஸ்கோ உலகிடம் உதவி கேட்டது. ஏறத்தாழ 50 நாடுகள் நிதி கொடுத்தன. 1964 முதல் 1968 வரை அக்கோயில்களைப் பாறையிலிருந்து துண்டு துண்டாக அறுத்தெடுத்து, முன்பிருந்த இடத்தைவிடச் சுமார் 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் அமைத்தார்கள். உலக மரபிடங்களுக்கான 1972 ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு வித்திட்ட முயற்சிகளில் அதுவும் ஒன்று.

தொகை சிறிதா பெரிதா என்று தயங்க வேண்டாம். ஒரே முறை பெருந்தொகை தருவதைவிட, ஆண்டுதோறும் சிறுதொகை தருவதாக உறுதியளிப்பவர்களே எங்களுக்கு அதிகம் உதவுகிறார்கள். மழைக்காலத்துக்கு முன் வடிகால் தூர்வாரும் வேலை ஒவ்வோர் ஆண்டும் வருவதுதானே. பணம் தர இயலாதவர்கள் பழைய புகைப்படங்களையும் வரைபடங்களையும் படியெடுத்துத் தரலாம்; பொறியாளர்களும் தாவரவியலாளர்களும் கல்வெட்டு வாசிக்கத் தெரிந்தவர்களும் தங்கள் நேரத்தைத் தரலாம். கொடையாளர் பெயர்களை மரபிடத்தின் சுவரிலோ பாறையிலோ பொறிப்பதில்லை என்று குழு முடிவு செய்துள்ளது. அவை ஆண்டறிக்கையில் மட்டும் இடம்பெறும். விளம்பர நிபந்தனையோடு வரும் தொகையையும் ஏற்க இயலாத நிலையில் இருக்கிறோம்.

நன்கொடைகளைக் குழுவின் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டு, எந்த இடத்தில் எந்தப் பணிக்கு எவ்வளவு செலவானது என்ற விவரத்தோடு கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும்.

இங்ஙனம்,
மரபிடப் பாதுகாப்பு நிதிக் குழுவினர்