முருகேசனுக்கு, கதிரின் பட்டியலைப் பற்றி

கோயம்புத்தூர்

அன்புள்ள முருகேசா,

எலக்ட்ரீஷியன் வேலைக்கு வாங்கப் பார்க்கிற கருவிப் பெட்டியைப் பற்றிக் கதிர் அனுப்பிய பட்டியல் வந்தது. பார்த்ததும் உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்திருப்பாய், அதனால் எழுதியே அனுப்புகிறேன். பையன் இன்னும் பணம் கட்டவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கும்வரை கட்ட வேண்டாம் என்று சொல். இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவளுக்குத் தை மாதம் வளைகாப்பு. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுபடியும் எல்லாருடைய புடவையிலும் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டாள் என்பதே அதற்குச் சாட்சி. மற்றதெல்லாம் நேரில்.

இப்போது விஷயம். பதினாலு சாமான் அடங்கிய பெட்டி, பார்க்க ஜோர், விலையும் மலிவு. அதில் அவனுக்கு நிஜமாகவே வேண்டியது நாலு. அந்த நாலும் அந்தப் பெட்டியில் உருப்படியாக இருக்காது. வீட்டு வயரிங்கும் போர்வெல் மோட்டாரும்தான் அவன் கையில் வரப்போகும் வேலை என்று நீதானே சொன்னாய்? அப்படியானால் 1 ஸ்கொயர் முதல் 6 ஸ்கொயர் வரை (செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மி.மீ. கணக்கில்) பிவிசி வயர், மூணு கோர், அதாவது உள்ளே மூணு வயர் உள்ள ஃப்ளாட் கேபிள், எப்போதாவது எஃகுக் கம்பிக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிள். எந்த வயரை வெட்டப்போகிறோம், எதை உரிக்கப்போகிறோம் என்று முதலில் எழுதிவிட்டு அப்புறம் கடைக்குப் போக வேண்டும். அவன் தலைகீழாகப் போயிருக்கிறான்.

முதலில் கட்டிங் பிளேயர். 8 இன்ச், தபாரியா 1621-8 மாதிரி ஒன்று போதும். கடையில் நின்று மூடிப் பார்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கச் சொல். வெட்டுகிற இரண்டு விளிம்புக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அது வேண்டாம். அடுத்து, 0.3 மி.மீ. செம்பு இழை ஒன்றை மட்டும் எடுத்து விளிம்பின் நுனியில் வைத்து வெட்டட்டும். 'டக்' என்று துண்டாக வேண்டும். நசுங்கி, மடங்கி, இழுத்தால் வருகிற மாதிரி இருந்தால் கீழே வைத்துவிடலாம். மொத்த வயரை எந்தப் பிளேயரும் வெட்டும், ஒற்றை இழையில்தான் குணம் தெரியும். நிப்பருக்கும், அதாவது வெட்டுவதற்கு மட்டுமான சின்னக் கட்டருக்கும், இதே சோதனை. எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் வைத்திருக்கும் ஃப்ளஷ் கட்டரை அவன் நிப்பர் என்று நினைத்துப் பட்டியலில் போட்டிருக்கிறான். அது மெல்லிய செம்புக்கானது. ஒரு தடவை இரும்புக் கம்பியை வெட்டினால் விளிம்பில் பல் விழுந்துவிடும், அப்புறம் கேபிள் டை வாலைக்கூட ஒழுங்காக நறுக்காது.

பிளேயர் கைப்பிடியில் ரப்பர் இருப்பதை வைத்து அது ஷாக் தாங்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை, முருகேசா. ஐஇசி 60900 என்ற சர்வதேசத் தரத்தில் செய்த கருவியில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். அந்தத் தரத்துக்கான சோதனை 10,000 வோல்ட்டில் நடக்கிறது. குறி இல்லாத உறை வெறும் பிடிமானத்துக்கு. குறி இருந்தாலும் உறையில் கீறல் விழுந்துவிட்டால் அதுவும் வெறும் பிடிமானம்தான். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு வெட்டுகிற பழக்கத்துக்கு ஈடாக எந்தக் கைப்பிடியும் வராது. ஓடுகிற லைனில் ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே வெட்டில் வெட்டினால் பிளேடு வழியாக ஷார்ட் ஆகி, விளிம்பில் அரைவட்டமாக ஒரு ஓட்டை உருகிவிடும். ஊரில் பாதிப் பேருடைய பிளேயரில் அந்த ஓட்டை இருக்கிறது. அதையே ஸ்ட்ரிப்பராக வைத்து வயர் உரிக்கிறவர்களும் உண்டு. யார் என்று நான் சொல்லவில்லை.

இனி ஸ்ட்ரிப்பர். இதில்தான் பையன் ஏமாறப் பார்க்கிறான்.

நம் ஊர்க் கடைகளில் தொங்கும் திருகு வைத்த ஸ்ட்ரிப்பர் இருக்கிறதே, வி வடிவப் பள்ளம், நடுவில் நிறுத்தத் திருகு, சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். அதைக் கேவலமாகப் பார்க்கிறான். சரியாக வைத்தால் அதைவிட நம்பகமானது கிடையாது. 1.5 ஸ்கொயர் வயரில் இன்சுலேஷன் கனம் சுமார் 0.7 மி.மீ. அதில் முக்கால் பங்குவரை பிளேடு இறங்கும்படி திருகை நிறுத்த வேண்டும். செம்பைத் தொடக் கூடாது. மூடி, அரைச் சுற்று சுற்றி, நேராக இழுத்தால் மிச்சக் கால் பங்கு பிவிசி தானாகக் கிழிந்து வந்துவிடும். திருகை வைப்பதற்கு முன் அதே வயரின் வேஸ்ட் துண்டில் ரெண்டு மூணு தடவை பார்க்கணும். வயர் கம்பெனி மாறினால் கனம் கொஞ்சம் மாறும், மறுபடி பார்க்கணும். அலுப்புதான். ஒரு வீடு முழுக்க 1.5 ஸ்கொயர் என்றால் காலையில் ஒரு தடவை வைத்தால் சாயங்காலம்வரை ஓடும்.

அடுத்தது வரிசையாக ஓட்டை போட்ட ஸ்ட்ரிப்பர். அவன் பட்டியலில் இருப்பது அமெரிக்க அளவு, அதாவது ஏ.டபிள்யூ.ஜி. எண். நம் வயர் ஸ்கொயர் மி.மீ. கணக்கு. 16-ஆம் எண் 1.31 ஸ்கொயர், 14-ஆம் எண் 2.08, 12-ஆம் எண் 3.31. நம் 1.5-ம் 2.5-ம் இவற்றுக்கு இடையில் தொங்குகின்றன. இது போதாதென்று ஒவ்வொரு ஓட்டைக்கும் ரெண்டு எண் போட்டிருப்பார்கள்: ஒன்று ஒற்றைக் கம்பிக்கு, இன்னொன்று இழை வயருக்கு. அதே பரப்பளவுக்கு இழை வயர் கொஞ்சம் பருமனாக இருக்கும், அதனால்தான். 22 இழை போட்ட நம் 1.5 ஸ்கொயர் செம்பின் விட்டம் சுமார் 1.6 மி.மீ. ஒற்றைக் கம்பி 14, இழை 16 என்று போட்ட ஓட்டை அதற்குப் பொருந்தும். 36 இழை 2.5 ஸ்கொயருக்கு 12/14. 56 இழை 4 ஸ்கொயருக்கு 10/12. எல்லாமே இறுக்கம்தான், துண்டில் பார்த்துவிட்டு, கடித்தால் ஒரு ஓட்டை பெரிதாகப் போக வேண்டும். ஸ்கொயர் மி.மீ. எண் போட்டே கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

மூணாவது, அவன் ஆசைப்படுகிற ஆட்டோமேட்டிக். பிடியை அமுக்கினால் ஒரு தாடை வயரைப் பிடிக்கும், பிளேடு இறங்கும், பிறகு உறையை இழுத்துத் தள்ளும். ஜெர்மன் நிபெக்ஸில் 0.2 முதல் 6 ஸ்கொயர்வரை திருகே தொடாமல் உரிக்கிற ஒன்று உண்டு. நல்ல சாமான், விலையும் பல ஆயிரம். பேனல் போர்டு வேலையில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முனைகள் உரிக்கும்போது மணிக்கட்டைக் காப்பாற்றும். ஆனால் அதற்குச் செம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. உறை எவ்வளவு எதிர்க்கிறது என்பதை வைத்துத்தான் நிற்கிறது. கெட்டியான குறுக்கிணைப்பு உறை, ரெட்டைக் கனமுள்ள சோலார் டிசி கேபிள், வழுக்குகிற டெஃப்லான், வெயிலில் காய்ந்து போன பழைய வயர், இதிலெல்லாம் தாடை நழுவும், இல்லையென்றால் உறை நூல் நூலாக இழுபடும். அழுத்தத் திருகு வைத்த வகைகளில், மெல்லிய வயருக்கு அதைத் தளர்த்தாவிட்டால் இழைகளைக் கடிக்கும். தாடைப் பல்லில் பிவிசித் தூள் அடைத்தாலும் நழுவும், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தள்ளிவிடலாம். சுவருக்குள் பதித்த மெட்டல் பாக்ஸில் பழைய வயர் குட்டையாக நீட்டிக்கொண்டிருந்தால் இந்தத் தடியன் உள்ளேயே நுழைய மாட்டான். இதே உருவத்தில் நகல் செய்து மலிவாக விற்பதுதான் அந்தப் பெட்டியில் இருப்பது. ஸ்பிரிங் தளர்ந்ததும் பாதி உரித்துப் பாதி விடும்.

இழை ரெண்டு போனால் என்ன என்று கேட்பான், எல்லாரும் கேட்கிறார்கள். 22-இல் 3 போனால் அந்த இடத்தில் கிட்டத்தட்ட 14 சதவீதம் செம்பு இல்லை. அதுவும் எங்கே? திருகு பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஏற்கெனவே சூடாகிற இடத்தில். ஒற்றைக் கம்பியில் இழை போகாது, சுற்றி ஒரு கோடு விழும். அந்தக் கோட்டில்தான் ரெண்டு மூணு மடிப்பில் முறியும். பழைய வீடுகளில் இருக்கும் அலுமினிய வயரில் அந்தக் கோடு விழுந்தால் ஸ்விட்சைத் திரும்பப் பாக்ஸுக்குள் தள்ளும்போதே ஒடிந்துவிடும். சோதிக்கிற வழி சுலபம்: உரித்தெடுத்த உறைத் துண்டைத் தூக்கிப் போடாமல் அதன் உள்ளே பார்க்கச் சொல். மினுமினுவென்று ஒரு செம்பு முடி ஒட்டியிருந்தால் பிளேடு ஆழமாக இறங்குகிறது. அந்த முனையை வெட்டிவிட்டு, திருகைத் தளர்த்தி, மறுபடி உரிக்க வேண்டும்.

பல்லால் உரிப்பது, லைட்டரால் சுடுவது ரெண்டையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிடாதே. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், செம்பும் கறுத்துப்போய்ப் பிடிமானம் கெடும். பல்லைப் பற்றி உன்னிடம் நான் சொல்ல என்ன இருக்கிறது, கண்ணாடியைப் பார்த்தாலே போதும்.

உரிக்கிற நீளம் ஆளுக்கு ஆள் ரசனை இல்லை. ஸ்விட்ச், எம்சிபி (ஷார்ட் ஆனால் தானாக விழுகிற ஸ்விட்ச்) பின்னால் நீளம் அச்சிட்டிருந்தால் அதுதான் சட்டம். வயர்களை இணைக்கிற வாகோ 221-இல் 4 ஸ்கொயர் வரைக்குமான சின்ன கனெக்டருக்கு 11 மி.மீ. நீளமாக உரித்தால் செம்பு வெளியே தெரியும். குட்டையாக உரித்தால் திருகு உறையைப் பிடித்துக்கொண்டு இறுகிவிட்ட மாதிரி நாடகம் போடும். இழை முனைக்கு ஈயம் பூசித் திருகுக்குள் வைக்கிற வழக்கம் வேண்டவே வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கிக்கொண்டே போகும், திருகு தளரும், சூடாகும். அதற்குப் பதில் எண்ட் ஃபெரூலும் (இழை முனையில் மாட்டுகிற சின்ன உலோகக் குழாய்) அதை நசுக்கி இறுக்கும் கிரிம்பிங் பிளேயரும். 8 மி.மீ. குழாய் உள்ள ஃபெரூலுக்கு 10 மி.மீ. உரித்தால் சரியாக வரும், பிளாஸ்டிக் காலருக்குள் கொஞ்சம் செம்பு போக வேண்டுமே.

போர்வெல் கேபிளுக்கு வருகிறேன். அவன் பட்டியலில் வட்டக் கேபிளைச் சுற்றி உரிக்கிற கருவி இருக்கிறது. ஜோகாரி மாதிரி கத்திகள் வட்டத்துக்கு அருமை: 8 முதல் 28 மி.மீ. வரைக்கும் ஒரே கத்தி, ஆழத்தைத் திருகில் வைத்து, சுற்றி ஒரு வெட்டு, நீளவாக்கில் ஒரு வெட்டு, உறை கழன்றுவிடும். ஆனால் ஃப்ளாட் கேபிளை எப்படிச் சுற்றுவான்? அதற்கு நல்ல கத்திதான். ரெண்டு கோருக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் நுனியை வைத்து முதலில் கோர்களைப் பிரிக்க வேண்டும், பிறகு மேலுறையைப் பென்சில் சீவுவது போல் சாய்வாகச் சீவி எடுக்க வேண்டும். நேர்குத்தாகக் கத்தியை வைத்தால் உள்ளே கோர் இன்சுலேஷனில் கீறல் விழும். சுவருக்குள் இருந்தால் அந்தக் கீறல் வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கும். தண்ணீருக்குள் இருந்தால் பேசாது இருக்குமா? மூணு ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் குமியாமல் ஒவ்வொரு கோரையும் நாலைந்து செ.மீ. வித்தியாசத்தில் வெட்டணும். மோட்டாரை இறக்குவதற்கு முன் ஜாயின்ட்டை வாளித் தண்ணீரில் போட்டு 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வைத்துப் பார்க்கணும். கத்தி எப்போதும் உடம்பை விட்டு வெளியே போகட்டும், இடது கை பின்னால் இருக்கட்டும்.

கேபிள் கட்டரை இப்போது வாங்க வேண்டாம். பட்டியலில் உள்ள போல்ட் கட்டரை அதற்குப் பதிலாக நினைத்திருக்கிறான் போல. அது பெரிய கேபிளை வெட்டாது, நசுக்கும். தட்டையான முனை, கேபிள் நுனியில் மாட்டுகிற லக்குக்குள் போகாமல் அடம்பிடிக்கும். வளைந்த பிளேடு உள்ள கேபிள் கட்டர் செம்புக்கும் அலுமினியத்துக்கும் மட்டும். எஃகுக் கம்பிக் கவசம் உள்ள கேபிளில் அதை வைத்தால் பிளேடு போச்சு. ஆர்மருக்கு ஹேக்சா: கவசக் கம்பியைப் பாதி ஆழம் அறுத்துவிட்டு முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்க வேண்டும், முழுக்க அறுத்தால் ரம்பம் உள் உறையில் இறங்கும். மின்கம்பங்களில் மேலே ஓடும் ஏசிஎஸ்ஆர் அலுமினியக் கம்பிக்கு நடுவில் எஃகு இருக்கிறது, அதற்குக் கட்டரே வேறு.

ஆக, பிளேயர், நிப்பர், ஸ்கொயர் மி.மீ. எண் போட்ட ஸ்ட்ரிப்பர், கத்தி. இந்த நாலும் அண்ணாச்சி கடையிலேயே கிடைக்கும், பில் போட்டு வாங்கு, அவரிடம் கடன் சொல்லாதே, பழைய பாக்கியைக் கிளறுவார். ஃபெரூல் கிரிம்பர் முதல் சம்பளத்தில். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் பேனல் வேலை கிடைத்த பிறகு. ஜோகாரி அங்கே கிடைக்காது, நான் இங்கிருந்து பார்சலில் போட்டுவிடுகிறேன். காசு அனுப்புகிறேன் என்று ஆரம்பிக்காதே.

அன்புடன்,
தங்கராசு