கோலா மீன் பருவத்தைப் பாடத்திட்டத்தில் சேருங்கள்

தைவான் கல்வி அமைச்சுக்கும் பழங்குடி மக்கள் மன்றத்துக்கும்,

வணக்கம். தைவானின் தென்கிழக்கே இருக்கும் லான்யூ தீவில் ஆறு ஊர்களில் வாழும் தாவோ மக்களின் மொழிக்கு நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2017இல் பழங்குடி மொழிகள் எல்லாம் தேசிய மொழிகள் என்று சட்டமே போட்டீர்கள். சரி, ஆனால் வாரத்துக்கு ஒரு பாடவேளையில் ஒரு மொழி பிழைத்துவிடுமா?

அந்த மொழி கடலில் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் கோலா என்ற பறக்கும் மீனை அழைக்கும் சடங்கோடு பருவம் தொடங்கும். எந்த மீனை ஆண்கள் தின்னலாம், எது பெண்களுக்கு, எது வயதானவர்களுக்கு, மீனை எப்படி அறுத்து உலர்த்துவது, அந்த மாதங்களில் எந்தப் பேச்சை வாயில் எடுக்கக் கூடாது, எப்போதோடு கோலா மீனைத் தின்பதை நிறுத்த வேண்டும் என்று எல்லாமே அப்பனும் தாத்தாவும் கரையிலும் படகிலும் வைத்துச் சொல்லித் தந்தவை. அந்த நேரத்தில் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து சீன மொழியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. அப்புறம் மேல்படிப்பு, வேலை என்று தைவான் பெருந்தீவுக்குக் கப்பல் ஏறிவிடுகிறது.

இன்னொன்று. தைவானின் மற்ற பழங்குடி மொழிகளைவிட, தெற்கே பிலிப்பைன்ஸின் பத்தானெஸ் தீவுகளில் பேசும் இவத்தான்தான் தாவோவுக்கு நெருங்கிய உறவு. எல்லா மொழிக்கும் ஒரே அச்சில் பாடப்புத்தகம் வார்ப்பதை விட்டுவிட்டு, அங்குள்ளவர்களும் இவர்களும் வந்து போகப் பணம் ஒதுக்குங்கள்.

அரசு சொல்வதை அவர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. 1966இலிருந்து, பாதி மண்ணுக்குள் புதைந்தபடி புயலைத் தாங்கி நின்ற அவர்களுடைய வீடுகளை இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டினீர்கள். 1982இல் அணுக்கழிவு வந்து இறங்கியது. அது என்னவென்று அவர்களுக்குத் தெரியாமலேயே முடிவெடுத்தார்கள் என்று பின்னால் அரசின் விசாரணை அறிக்கையே ஒப்புக்கொண்டது. 2002க்குள் எடுத்துவிடுவோம் என்ற வாக்கும் காற்றில் போனது, ஏறத்தாழ ஒரு லட்சம் பீப்பாய்கள் அங்கேயே கிடக்கின்றன. 2019இல் 255 கோடி தைவான் டாலர் இழப்பீடு அறிவித்தீர்கள். ஆனால் அவர்கள் கேட்டது பீப்பாய்களை எடுக்கச் சொல்லித்தான்.

ஆகவே இந்தத் தடவையாவது தைபேயில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். மீன் பருவத்தில் பள்ளி எத்தனை நாள் கரைக்குப் போக வேண்டும், யார் கற்றுத்தர வேண்டும் என்பதை ஊர்ப் பெரியவர்களே சொல்லட்டும். அவர்களிடம் மொழித் தேர்வுச் சான்றிதழ் கேட்காதீர்கள், ஆசிரியருக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தைக் கொடுங்கள்.