நோயாளியிடம் சிட்சை பேசாதீர்கள்

ஆசிரியருக்கு,

என் அம்மா புற்றுநோயில் படுத்திருந்தபோது பார்க்க வந்த சிலர், "இது தேவனுடைய சிட்சை", அதாவது கடவுள் திருத்துவதற்காகக் கொடுக்கும் தண்டனை, என்றார்கள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்கள் காட்டிய வசனம், "சர்வவல்லவருடைய சிட்சையை அற்பமாக எண்ணாதிரும்." பைபிளில் யோபு புத்தகத்தின் 5-ஆம் அதிகாரத்தில், துன்பத்தில் இருந்த யோபிடம் அவருடைய நண்பர் எலிப்பாஸ் சொல்வது அது. அதே எலிப்பாஸிடம் 42-ஆம் அதிகாரத்தில் கடவுள், நீயும் உன் நண்பர்களும் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். தயவுசெய்து அதையும் சேர்த்து வாசியுங்கள்.

சரி, புதிய ஏற்பாட்டில் எபிரெயர் நிருபம் 12-ஆம் அதிகாரத்தில் சிட்சை வருகிறதே என்பார்கள். வருகிறது. ஆனால் அது விசுவாசத்துக்காகத் துன்பப்பட்டவர்கள் சோர்ந்துபோகாதபடி எழுதப்பட்டது. நோயாளியின் கட்டிலருகே நின்று குற்றம் தேடுவதற்கு அல்ல. யோபின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாட்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சபைகள் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

– ஒரு வாசகி, நாகர்கோவில்