தரங்கம்பாடிக்கு ரயில் வந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழின் கோடைச் சுற்றுலாப் பகுதியில் எங்கள் ஊருக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். நன்றி. படங்கள் நன்றாக இருந்தன. கோட்டைச் சுவரில் சாய்ந்து நிற்கும் அந்தப் பெண்ணின் தொப்பி மிகவும் நன்றாக இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் வருகிறது: 'ரயில் எட்டிப் பார்க்காத கிராமம் என்பதால்தான் தரங்கம்பாடியின் அமைதி இன்றும் கலையாமல் இருக்கிறது.' அதோடு இதழை மூடி வைத்துவிட்டேன்.

அந்த எட்டிப் பார்க்காத ரயிலில்தான், ஐயா, நான் மூன்று ஆண்டுகள் கல்லூரிக்குப் போய்வந்தேன்.

மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். தங்களுக்குத் தெரியாததல்ல; கட்டுரையாளரிடம்தான் யாரும் சொல்லவில்லை போலும். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று நின்று நின்று வந்து எங்கள் ஊரில் பாதை முடியும். அதற்கு மேல் கடல்தான். வேகத்தைப் பற்றிப் பெருமை பேச மாட்டேன். பொறையாறில் வண்டியைத் தவறவிட்டவன் சைக்கிளை மிதித்துத் தில்லையாடியில் ஏறிவிடலாம். நானே இரண்டு முறை ஏறியிருக்கிறேன். கரி எஞ்சின். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கண்ணில் தூள் விழும். எங்கள் பெட்டியிலேயே மீன்கூடைக்காரப் பெண்களும் ஏறுவார்கள். கூடையிலிருந்து சொட்டும் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக ஓடிவந்து நம் செருப்பை நனைக்கும். மன்னம்பந்தலில் இறங்கி வகுப்புக்குப் போனால் முதல் மணி நேரம் முழுவதும் எங்கள் பெஞ்சுப் பக்கம் யாரும் வர மாட்டார்கள். எட்டிப் பார்க்காத ரயிலில் வந்த நாற்றம் அது.

1986-இல் நிறுத்திவிட்டார்கள். நஷ்டமாம். கணக்கைப் பாருங்கள்: 26-இல் பிறந்து 86-இல் போனது. சரியாக அறுபது. ஊர் ஊராக அறுபது நிறைந்தவர்கள் திருக்கடையூருக்கு வந்து மாலை மாற்றிக்கொண்டு, இன்னும் இருபது ஆண்டு கிடைக்கும் என்ற தெம்போடு திரும்புகிறார்கள். தினமும் அந்த ஊரில் நின்று போன எங்கள் ரயிலுக்கு மட்டும் அறுபது நிறைந்ததும் எமன் வந்துவிட்டான். காலனை எட்டி உதைத்த சாமி அன்றைக்கு எங்கே போயிருந்தாரோ. நஷ்டம் என்று எழுதியவர்கள் ஒரு முகூர்த்த நாளில் வந்து, சன்னதித் தெருவில் வேன்கள் திரும்ப இடமில்லாமல் நிற்பதைப் பார்க்கட்டும்.

அமைதி என்று எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள். 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1861-இல் ரயில் வந்தது, எங்களுக்கல்ல, நாகப்பட்டினத்துக்கு. சரக்கு ரயிலேறும் துறை இருக்கும்போது கப்பல்காரன் இங்கே எதற்கு நங்கூரம் போடுவான்? 65 ஆண்டுகள் கழித்து எங்களுக்கு ரயில் வந்தபோது ஏற்றுவதற்குக் கருவாட்டைத் தவிர அதிகம் இல்லை. ஆக, ரயில் வராததால் காப்பாற்றப்பட்ட அமைதி அல்ல இது. ரயில் நேரத்துக்கு வராததால் ஊர் அடங்கியது. வந்ததையும் பிடுங்கிக்கொண்டதால் மறுபடி அடங்கியது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு வந்த அமைதியும் அதில் இருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை.

எழுத உட்கார்ந்த பிறகு மற்றதையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழில் இதே கோட்டையின் படத்துக்குக் கீழே 'டச்சுக் கோட்டை' என்று போட்டிருந்தீர்கள். டச்சுக்காரர் வேறு, டேனிஷ்காரர் வேறு என்று அன்றே கடிதம் எழுதினேன். வரவில்லை. இந்தக் கட்டுரையில் எங்கள் ஊர் இன்னும் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. மயிலாடுதுறை மாவட்டம் 2020-இலேயே பிறந்துவிட்டது. மாசிலாமணிநாதர் கோயில் 'அலைகள் முத்தமிடும் ஆலயம்' ஆகியிருக்கிறது. முத்தமா? 1306-இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயிலின் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது, ஐயா. என் பாட்டி பிரகாரம் சுற்றிய இடத்தில் இன்று கல் கொட்டி அலையைத் தடுத்து வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்தப் 'பாடும் அலைகளின் ஊர்'. வெளியூரிலிருந்து யார் எழுதினாலும் இது தவறாமல் வந்துவிடுகிறது. பழைய கல்வெட்டில் எங்கள் ஊர் சடங்கன்பாடி. பாடி என்றால் குடியிருப்பு. காட்பாடியில் யார் பாடுகிறார்கள்?

நான் இல்லாததைக் கேட்டுச் சண்டை போடுகிறவன் அல்ல. 1915-இல் காந்தி தில்லையாடிக்கு வந்தார், வள்ளியம்மையின் ஊரைப் பார்க்க. அப்போது இங்கே ரயில் கிடையாது. எனவே காந்தி எங்கள் ரயிலில் வந்தார் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. இருந்ததை இருந்தது என்று எழுதத்தான் கேட்கிறேன்.

பாதை போன வழியில் பல இடங்களில் இன்று சீமைக் கருவேலம். மீதி இடம் யாரிடம் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இந்த ஊரிலேயே இருந்தாக வேண்டும். மறுபடி ரயில் கேட்டு நான் கையெழுத்துப் போட்ட மனுக்கள் மட்டும் ஐந்து. எங்களைப் போலவே மூடப்பட்ட பேரளம்–காரைக்கால் பாதையில் திரும்பவும் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். சந்தோஷம். காரைக்காலில் துறைமுகம் இருக்கிறது, நிலக்கரி வந்து இறங்குகிறது. நாங்கள் நிலக்கரியாகப் பிறக்கவில்லை.

போன பொங்கலுக்கு என் மகள் கைக்குழந்தையோடு சென்னையிலிருந்து வந்தாள். மயிலாடுதுறை ஜங்ஷனில் இறங்கும்போது விடியவில்லை. ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையம், அங்கே ஒரு மணி நேரம் நின்று ஒரு பஸ், அது பொறையாறோடு சரி. அங்கிருந்து இன்னொரு ஆட்டோ. இரண்டு ஆட்டோவுக்கும் கொடுத்த பணம் அவள் சென்னையிலிருந்து வந்த டிக்கெட்டைவிட அதிகம். தங்கள் கட்டுரையின் 'எப்படிப் போவது?' கட்டத்தில் இதற்கு ஒரே வரிதான்: 'மயிலாடுதுறையிலிருந்து எளிதில் வரலாம்.' கட்டுரையாளர் காரில் வந்திருப்பார்.

ரயிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று தங்களிடம் கேட்கவில்லை. அது தங்கள் கையில் இல்லை என்று தெரியும். அடுத்த இதழில் இரண்டே வரி போடுங்கள்: தரங்கம்பாடிக்கு 1926 முதல் 1986 வரை ரயில் ஓடியது, கட்டுரையில் வந்தது தவறு. இடம் இருந்தால் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்: மயிலாடுதுறை ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை, குழந்தையோடு வருகிறவர்கள் விடிந்த பிறகு வந்து சேரும் வண்டியில் வாருங்கள் என்று. இடம் இல்லையென்றால் முதல் இரண்டு வரி போதும்.

நான் கதை சொல்கிறேன் என்று தோன்றினால், என் அப்பா பெட்டியில் வைத்திருந்த அட்டை டிக்கெட் ஒன்றின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். தரங்கம்பாடி என்று அச்சடித்திருப்பது நகலில் கொஞ்சம் மங்கல். வெளிச்சத்தில் பிடித்தால் படிக்கலாம். அசலை அனுப்பவில்லை. டச்சுக் கோட்டைக் கடிதத்தோடு கோட்டையின் பழைய புகைப்படம் ஒன்றை அனுப்பியிருந்தேன். அது இன்னும் திரும்பி வரவில்லை.

இப்படிக்கு,
28 ஆண்டுகளாகச் சந்தா கட்டும் வாசகர்,
தரங்கம்பாடி, மயிலாடுதுறை மாவட்டம்