மாயாவியைப் பெட்டி கட்டுவதற்கு முன்

அன்புள்ள யாழினிக்கு,

பரணில் இருக்கும் காமிக்ஸ் பெட்டிகளை மொத்தமாக லீட்ஸுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறாய். ராணி காமிக்ஸ் முழு செட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கிப் போடட்டுமா என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டுக்குமே அம்மாவின் பதில் ‘வேண்டாம்’தான். உடனே போனை எடுக்காதே, முழுசாகப் படி.

முதலில் அந்த செட். ராணி காமிக்ஸ் 1984 ஜூலையில் தொடங்கி 2005 வரை வந்தது. மாதம் இரண்டு இதழ். அத்தனையும் திரும்பப் படிக்கிற சரக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆரம்ப கால ஜேம்ஸ் பாண்ட் கதைகள் தேறும். முகமூடி வீரர் மாயாவி வந்தவற்றில் ஒரு பகுதி தேறும். மற்றது எண்ணிக்கைக்கு. செட்டாக விற்பவர் கேட்கும் விலை, எளிதில் கிடைக்காத சில இதழ்களுக்கானது. அந்தச் சில இதழ்களில் நீ திரும்ப எடுக்கப்போவது எத்தனை என்று ஒரு தாளில் எழுதிப் பார், தெரிந்துவிடும். இன்னொன்று, விற்பனைப் பட்டியலில் ‘மாயாவி’ என்று மட்டும் இருந்தால் எந்த மாயாவி என்று கேள். ராணியில் அது காட்டுக்குள் இருக்கும் ஃபேண்டம். முத்து காமிக்ஸில் அவர் வேதாளர். அங்கே மாயாவி என்றால் இரும்புக்கைக்காரர்.

நாளைக்கு விலை ஏறும் என்ற கணக்கையும் விட்டுவிடு. 1991-ல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் பல அட்டைகளில் 80 லட்சத்துக்கு மேல் அச்சாகிப் போனது. அடுத்த ஆண்டு சூப்பர்மேன் இறக்கும் 75-ஆம் இதழைக் கறுப்பு உறையில் போட்டு விற்றார்கள்; உறையைப் பிரிக்காமலே பூட்டி வைத்தவர்கள் ஏராளம். எல்லோரும் பூட்டி வைத்ததால்தான் இன்றைக்கும் அவை சல்லிசாகக் கிடைக்கின்றன. பழைய முத்து காமிக்ஸ் கிடைக்காததற்குக் காரணம் நேர் எதிரானது: கை மாறிக் கை மாறிக் கிழிந்து, கடைசியில் எடைக்குப் போயின. படிக்கப்பட்டதால்தான் அரிதாயின. அதனால் எதைத் திரும்பத் திரும்பப் படிப்பாயோ அதை மட்டும் சேர். மற்றதை யாராவது சேர்த்துக்கொண்டு போகட்டும்.

திரும்பப் படிப்பதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

இரும்புக்கை மாயாவியை ஒரே மூச்சில் படித்தால் சலிக்கும். இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒரு முறை ஆபத்து, அடுத்த பக்கத்திலேயே தப்பித்தல். ஆசிரியரின் கை வறட்சி என்று நினைத்துவிடாதே. பிரிட்டனில் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962-லிருந்து வாரத்துக்குச் சில பக்கமாக வந்த தொடர் அது. ஒவ்வொரு தவணையும் ஒரு கொக்கியில் முடிந்தாக வேண்டும். நமக்கு அதுவே முழு நீளக் கதையாக ஒட்டி வந்தது. எந்தக் கட்டத்தில் தவணை முடிந்திருக்கும் என்று கண்டுபிடித்து அங்கே நிறுத்திப் படி. இரவுக்கு இரண்டு தவணை போதும். கதை வேறு மாதிரி தெரியும்.

அடுத்து அதன் மின்சாரக் கணக்கைக் கவனி. மாயாவியான குரண்டேலுக்கு மின் அதிர்ச்சி கிடைத்தால்தான் உடல் மறையும், எஃகுக் கை மட்டும் வெளியே தெரியும். கொஞ்ச நேரத்தில் சக்தி தீர்ந்து உடல் திரும்பிவிடும். ஆகவே ஒவ்வொரு கதையும் உள்ளே ஓடும் ஒரே கேள்விதான்: அடுத்த மின்சாரம் எங்கே? சுவரில் பிளக்கா, தெருவிளக்குக் கம்பியா, எதிரியின் இயந்திரமேவா? கதாசிரியர் அதை நேர்மையாகத் தேட வைத்த கதைகள் நிற்கின்றன. விரலில் துப்பாக்கி, ரேடியோ என்று கைக்குள் சாமான்களை அடைக்கத் தொடங்கிய பிறகு அந்த இறுக்கம் தளர்ந்துவிட்டது என்பது என் கட்சி. அவர் நிழற்படை என்ற உளவு அமைப்பில் சேர்ந்த பிறகு வந்த கதைகள்தான் உசத்தி என்பவர்கள் அடிக்க வருவார்கள், வரட்டும். முதல் கதையில் அவர் நல்லவரே கிடையாது. மறையும் சக்தி கிடைத்ததும் தலை கிறுகிறுத்துக் குற்றத்தில் இறங்குகிறார். 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே அந்தக் கதையோடுதான். படங்களுக்காக மட்டும் ஒரு முறை புரட்டு. ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ நிழலை வைத்தே முகத்தைச் செதுக்குவார். நம் பதிப்புகளில் மை அப்பிய இடங்களில் அது போய்விடும். அதனால் அவருக்கென்று ஒரு பிரிட்டிஷ் பிரதி வைத்துக்கொள்ளலாம். நீ இருக்கிற ஊர்ப்பக்கம் பழைய ‘வேலியண்ட்’ இதழ்கள் இங்கே முத்து கிடைப்பதைவிடச் சுலபமாகக் கிடைக்கும். ரெபெல்லியன் நிறுவனம் தொகுப்பாகவும் போட்டிருக்கிறது.

ஸ்பைடர் கதை இன்னும் வேடிக்கை. நம் லயன் காமிக்ஸில் 1984-ல் வந்த குற்றச் சக்கரவர்த்தி. பெல்ஹாமையும் ஆர்டினியையும் கையாட்களாக வைத்துக்கொண்டு, குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்று கிளம்பிய ஆள். டெட் கவன் தொடங்கிய இந்தத் தொடரைச் சீக்கிரமே எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். உலகத்திலேயே தன்னலமற்ற வீரனைப் படைத்தவர், உலகத்திலேயே தற்பெருமை மிகுந்த ஆளுக்கு வசனம் எழுதியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் ஸ்பைடர் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் ஒவ்வொரு வசன பலூனும் சிரிப்பு மூட்டும். அவன் நல்லவனாக மாறியதுகூட மனம் திருந்தியா என்றால் சந்தேகம்தான். மற்ற வில்லன்களைத் தோற்கடிப்பதில் பெருமை கூடுதல் என்பதால் என்றே எனக்குத் தோன்றும்.

அமெரிக்கச் சரக்கில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஸ்பைடர்மேனில் ஸ்டீவ் டிட்கோ வரைந்த முதல் 38 இதழ்களைத் தொகுப்பாக வாங்கு. 33-ஆம் இதழின் தொடக்கப் பக்கங்களை மெதுவாகப் பார். தலைக்கு மேல் இயந்திரம் அழுத்துகிறது, கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. அவன் தள்ளத் தள்ளக் கட்டங்கள் மாறிக்கொண்டே வந்து, தூக்கி எறியும்போது ஒரு முழுப் பக்கமாகத் திறக்கும். போனில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிப் படித்தால் அந்தத் திறப்பு கிடைக்காது. காகிதத்தில் படி என்று நான் நச்சரிப்பது இதற்குத்தான்.

சரி, வாங்குகிற விஷயம். இங்கே லஸ் நடைபாதையிலோ திருவல்லிக்கேணி பாரதி சாலையிலோ, ஜனவரிப் புத்தகக் காட்சியிலோ, உனக்காக வாங்க யார் போனாலும் இதைச் சொல்லி அனுப்பு. முதலில் அட்டை. கலர் ஜெராக்ஸ் அட்டை வழவழவென்று இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அச்சுப் புள்ளிகள் ஒழுங்காக இல்லாமல் மங்கிக் கலங்கியிருக்கும், உள்தாளின் வயசோடும் ஒட்டாது. பிறகு உள்ளே விலையும் வெளியீட்டு விவரமும். பழைய முத்து, லயன் கதைகள் ‘காமிக்ஸ் கிளாசிக்ஸ்’ என்ற பெயரில் மறுபதிப்பாக வந்திருக்கின்றன. படிக்க அவை தாராளமாகப் போதும், முதல் பதிப்பு விலை மட்டும் கொடுக்காதே.

மூன்றாவது, பக்கம். நடுவில் பின் அடித்த புத்தகத்தில் ஒரு தாள் நான்கு பக்கம். தாளின் ஒரே முகத்தில் இருக்கும் இரண்டு பக்கங்களின் எண்களைக் கூட்டினால் மொத்தப் பக்கத்தோடு ஒன்று கூட வரும். 64 பக்கப் புத்தகத்தில் 5-6 கிழிந்திருந்தால் 59-60 எப்போது வேண்டுமானாலும் கழன்று விழும். பின்னை ஒட்டி விரலை வைத்துப் பார்க்கச் சொல். அடுத்த வெளியீட்டு விளம்பரம், கூப்பன் இருந்த பக்கங்களைத்தான் கத்தரித்திருப்பார்கள். மறுபக்கத்தில் கதையும் சேர்ந்து போயிருக்கும். கடைசியாக முகர்ந்து பார்க்க வேண்டும். புளித்த வாசனை தாளின் வயசு, பரவாயில்லை. ஈரத்துணி வாசனை பூஞ்சை. அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது.

பைண்டிங் செய்த தொகுதிகள் நிறைய வரும். நம் ஊர் பைண்டர் மூன்று பக்கமும் கட்டிங் போட்டுவிடுவார். பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் போனாலும் ஓரத்து பலூனில் எழுத்துப் போய்விடும். பக்கவாட்டில் தைத்தால் உள் ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர் மாட்டிக்கொள்ளும். பசையில் பூச்சிக்காக மயில்துத்தம் கலப்பது பழக்கம். பூச்சி வராதுதான், ஆனால் தாமிரம் தாளைச் சீக்கிரம் பழுப்பாக்கிவிடும். இருந்தாலும் ஏற்கெனவே பைண்ட் ஆனதைப் பிரிக்காதே. பிரித்தால் மடிப்பில் எல்லாத் தாளும் இரண்டாகும். அப்படியே படிக்கிற பிரதியாக வைத்துக்கொள்.

தாள் பழுப்பதற்குக் காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது. செய்தித்தாள் காகிதம் மரத்தை அப்படியே அரைத்துச் செய்வது. அதிலிருக்கும் லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டு அமிலமாகும். அதை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். சென்னையில் கூடுதலாக ஈரமும் உப்புக்காற்றும். முதலில் போவது நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின். துரு பிடித்து, சுற்றியிருக்கும் தாளை அரித்து, அட்டை தனியாக வந்துவிடும். நடுப்பக்கத்தைத் திறந்து, மழுங்கிய மெல்லிய கத்தியால் பின்னின் இரண்டு கால்களையும் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக வெளியே இழு. முறுக்கி இழுத்தால் ஓட்டை பெரிதாகும். அதே ஓட்டைகள் வழியாக வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து, உள்பக்கம் முடிச்சுப் போடு. நூலை இறுக்கினால் மடிப்பை அறுக்கும். தாள் ஆடாத அளவுக்கு இருந்தால் சரி.

கிழிசலுக்கு செல்லோடேப் போட்டால் என்னிடம் சொல்லாதே. அதன் பசை எண்ணெயாக ஊறி மறுபக்கம் வரை மஞ்சள் ஏறும். ஜப்பானியத் திசுத்தாளில் 8 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தண்ணீர்க் கோடு இழுத்துக் கையால் கிழித்துக்கொள். கத்தரித்த ஓரம் மேடாகத் தெரியும், கிழித்த ஓரம் தாளோடு கலந்துவிடும். கோதுமை ஸ்டார்ச் பசையை நீர்க்க எடுத்துத் தடவி, இரு பக்கமும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் இரவு முழுக்க விடு. பசையைச் சின்ன அளவாகக் காய்ச்சு. மூன்று நாளில் புளிக்கும். மலிவு அச்சு மை ஈரத்தில் கசியலாம், ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு ஆரம்பி. லேமினேஷன் கேட்கவே வேண்டாம்.

இங்கேயே இருக்கப்போகும் பெட்டிகளுக்குச் செய்வதையும் சொல்லிவிடுகிறேன். பரணிலிருந்து இறக்கி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரிக்கு மாற்றுகிறேன். கோடையில் பரண் அடுப்பு, மழையில் ஈரம். பாரிமுனையில் சட்டை மடிக்கிற பி.பி. (பாலிப்ரொப்பிலீன்) கவர் கிடைக்கும், அது போதும். புது ரெயின்கோட் வாசனை அடிக்கும் கவர் பி.வி.சி., அது ஆகாது. உள்ளே வைக்கும் அட்டை அமிலமில்லாத மவுண்ட் போர்டு; காலண்டர் அட்டை வைத்தால் ஒரு சில வருஷத்தில் பின்னட்டையில் பழுப்பு அச்சு விழும். பெட்டிக்கு இரண்டு 50 கிராம் சிலிகா ஜெல் பொட்டலம். நிறம் மாறியதும் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப உயிர் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டியைத் திறப்பதில்லை. மாசி மதியம் திறந்து காற்றாட விடலாம், வெயிலில் அல்ல. வேப்பிலை வைக்கச் சொல்வார்கள், காயாத இலை ஈரத்தைத்தான் கொண்டுவரும். நாஃப்தலின் உருண்டையும் வேண்டாம், நாற்றம் தாளை விட்டுப் போகாது, மூச்சுக்கும் கெடுதல். வெள்ளிமீன் பூச்சி தெரிந்தால் ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி அடைத்து, ஃப்ரீசரில் மைனஸ் 18-ல் இரண்டு வாரம். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கக் கவரைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும்.

முதல் பார்சலில் நீ திரும்பப் படிக்கிறவற்றை மட்டும் போடுகிறேன், மறுபதிப்பு இருக்கும் இடத்தில் மறுபதிப்பு. 20 இதழுக்கு ஒரு கட்டு, படுக்கை வாக்கில், இரண்டு பக்கமும் தடித்த அட்டை, கட்டு ஆடாமல் சுற்றிலும் அடைப்பு. வந்ததும் ஒரு நாள் பெட்டியைத் திறக்காமல் அறையில் வை. உங்கள் ஹீட்டர் போட்ட காற்று வறட்சியானது. சென்னை ஈரம் ஏறிய தாள் அவசரத்தில் காய்ந்தால் சுருண்டுகொள்ளும். ரேடியேட்டருக்கு மேல் இருக்கும் அந்த அலமாரியில் மட்டும் வைக்காதே, மாடத்திலும் வேண்டாம்.

எந்தக் கதைகள் வேண்டும் என்று 40-க்கு மிகாமல் ஒரு பட்டியல் அனுப்பு. அலமாரித் தட்டின் ஆழத்தையும் உயரத்தையும் அளந்து எழுது, பெட்டியை அந்த அளவுக்குப் பார்க்கிறேன். ஸ்பைடரில் ஒரு கதை இரண்டு பிரதி இருக்கிறது. அட்டை கிழிந்தது உனக்கு, நல்லது எனக்கு.

அன்புடன்,
அம்மா