ஆங்கில 'சூன்' (soon) என்றால் எப்போது?

அன்புள்ள முத்து,

உன் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. போன கடிதத்தை "விரைவில் எழுதுகிறேன்" என்று முடித்திருந்தாய். நடுவில் ஐந்து மாதம் ஓடிவிட்டது. கோபமெல்லாம் இல்லை. முழங்கால் வலி எப்படி என்று மட்டுமாவது ஒரு வரி போட்டிருக்கலாம்.

அந்த "விரைவில்" கண்ணில் உறுத்தியதற்குக் காரணம் என் பேத்தி. வேலையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மறுநாள் கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்து, முந்தின சாயங்காலம் 'ப்ளீஸ் கம் சூன்' என்று மெயில் தட்டிவிட்டிருக்கிறாள். வெளிநாட்டுக்கார மேலாளர் பதறிப்போய் ஃபோன் செய்தாராம்: "இப்பவேவா? கூட்டம் நாளைக்குத்தானே?"

அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். நம்முடைய 'சீக்கிரம்' அப்படிப்பட்டது. சீக்கிரம் எழுந்தேன் என்றால் அது ஆங்கிலத்தில் எர்லி. சீக்கிரம் நட என்றால் ஃபாஸ்ட். சீக்கிரமே கல்யாணம் என்றால்தான் சூன். அவள் போட்டிருக்க வேண்டியது எர்லி. சூனுக்கு ஒரே கணக்குதான்: சொல்கிற நேரத்துக்கும் விஷயம் நடப்பதற்கும் இடையில் அதிக நேரமில்லை. வேகத்தைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது. பக்கத்து வீட்டில் இருந்தால் ஆமைகூட சூன் வந்துவிடும்.

அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்று கேட்டுவிடாதே. 'கமிங் சூன்' பலகை வெயிலில் வெளுத்துப்போய், கடை மட்டும் வராமலே போனதை நீயும் பார்த்திருப்பாய்.

இதில் ஒரு வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'சோனா'. அப்போது அதற்குப் பொருள் 'உடனே'! 'பிரசென்ட்லி', 'அனான்' என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்குமே அதே கதைதான். உடனே என்று கிளம்பி, கொஞ்ச நேரத்தில் என்று இளைத்துப்போனவை. உடனே உடனே என்று சொல்லிவிட்டுத் தாமதித்தே ஜனங்கள் சொல்லைத் தேய்த்திருக்கிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன? நாம் "இதோ வந்துட்டேன்" என்போம், காலில் செருப்புகூட ஏறியிருக்காது. வினைச்சொல் மட்டும் இறந்தகாலத்தில் முடிந்துபோயிருக்கும். குளியலறைக்குள்ளிருந்து நீ கொடுத்த "வந்துட்டேன்"களை நம்பி, வாசலில் நான் எத்தனை நாள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்!

முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுத்தாயா, இல்லையா? அடுத்த கடிதத்தில் 'விரைவில்' வேண்டாம். தேதி போடு.

உன்,
சேகர்