மார்க்கெட் பார்க்கிங்குக்கு மறுபடியும் தார் வேண்டாம், கான்கிரீட் போட்டுக் குடுங்க – கோரிக்கை மனு

பெறுநர்: ஆணையர் அவர்கள், நகராட்சி அலுவலகம்

பொருள்: காய்கறி மார்க்கெட் பின்பக்க வண்டி நிறுத்துமிடத்துக்கு கான்கிரீட் தளம் கேட்டு

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

நாங்க முன்னாடி குடுத்த மனு எதுக்கும் பதில் வரல, குறைதீர் கூட்டத்துல வாங்கின ரசீதுதான் கையில இருக்கு. இடம் தங்களுக்கு தெரியாதது இல்ல, வாழைக்காய் மண்டிக்கும் தண்ணி டேங்குக்கும் நடுவுல இருக்கற அதே இடம்தான். அங்க மறுபடியும் தாரே போட எஸ்டிமேட் ரெடி ஆகுதுன்னு கேள்விப்பட்டோம். தயவுசெஞ்சு அதை கான்கிரீட்டா மாத்துங்க ஐயா.

1. ரோட்டுக்கு தார் சரி, வண்டி ஓடிட்டே இருக்கும். இங்க விடியக்காலம் மூணு மணியிலேந்து லோடு லாரி, குட்டியானை எல்லாம் மணிக்கணக்கா ஒரே இடத்துல பாரத்தோட நிக்குது, நின்ன இடத்துலயே ஸ்டியரிங்க ஒடிச்சு திருப்பறாங்க. தளம் பள்ளம் ஆகாம என்ன செய்யும்?

2. டீசலும் இஞ்சின் ஆயிலும் சொட்டுது. தாரும் கச்சா எண்ணெய்லேந்து வர்ற சரக்குதான், டீசல் பட்டா கரைஞ்சு ஜல்லி பேந்து வந்துடும். கான்கிரீட்ல கறை படியும், அவ்வளவுதான்.

3. ஐயா எங்களுக்கு பெரிய கஷ்டமே இதுதான். ரோட்டுக்கு போடற விஜி-30 ரகத் தார் கொறஞ்சது 47 டிகிரி வரைக்கும் இளகாம இருந்தா போதும்னுதான் தாருக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 73 சொல்லுது, கத்திரி வெயில்ல கறுப்புத் தளம் 60 டிகிரிக்கு மேல கொதிக்குது. மதியம் பைக்க சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தினா ஸ்டாண்டு பொதைஞ்சுபோய், காய் வாங்கிட்டு வர்றதுக்குள்ள வண்டி சாஞ்சு கெடக்கு, ஒண்ணு சாஞ்சா வரிசையே சாயுது, மிரர் ஒடையுது, பெட்ரோல் ஒழுகுது, அப்பறம் யார் வண்டி யார் வண்டி மேல விழுந்துச்சுன்னு தெனமும் சண்டை. ஸ்டாண்டுக்கு அடியில வைக்க சனங்க வீட்டுலேந்து பலகைத்துண்டு கொண்டுவர்றாங்க ஐயா. கைக்குழந்தையோட வர்ற பொம்பளைங்க, வயசானவங்க, விழுந்த வண்டிய எப்படி தூக்குவாங்க? போன கோடையில ஒரு ஸ்கூட்டி சாஞ்சு பக்கத்துல நின்ன சின்னப்புள்ளைக்கு கால்ல சைலன்சர் சுட்டு கொப்பளிச்சுடுச்சு. கீரைக்கார அம்மாங்க தலைச்சுமையோட வெறுங்கால்ல நடக்கறாங்க, உள்ளங்கால்ல ஒட்டின தார மண்ணெண்ணெய் போட்டு தேய்க்கறாங்க. பாத்துட்டு போன அதிகாரிங்க ஒருத்தராவது ஒரு வரி எழுதி வச்சாங்களா? நாங்க வரி கட்டலையா, பார்க்கிங் டோக்கனுக்கு காசு குடுக்கலையா? இன்னொரு புள்ளைக்கு பட்டாதான் ஃபைல் நகருமா?

4. செலவு ஜாஸ்தின்னு சொல்வீங்க, உண்மைதான். ஆனா ஒழுங்கா போட்ட கான்கிரீட் 20 வருஷத்துக்கு மேல தாங்கும், தார் சில வருஷத்துக்கு ஒருக்கா மேல மேல போடணும். அப்படி போட்டு போட்டுதான் தளம் ஒசந்து மழைத்தண்ணி கடைக்குள்ள வருது. பழசை சுரண்டிட்டுதான் புதுசு போடணும்னு 2021லயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டாரு, இங்க யாரும் சுரண்டல.

5. தார் போட்டா மறுநாளே வண்டி விடலாம், கான்கிரீட்டுக்கு முழு பலம் வர 28 நாள் ஆகும், தெரியும். பாதி பாதியா போடுங்க, மீதி பாதியில நாங்க நெருக்கி சமாளிச்சுக்கறோம். அடியில பைப்பு வேல இருந்தா மொதல்ல முடிச்சுடுங்க, அப்பறமா ஒடைக்க கூடாது. சாக்கு போட்டு ரெண்டு வாரமாவது தண்ணி ஊத்தணும், நாலு நாலரை மீட்டருக்கு ஒரு ஜாயிண்ட் (தளத்துல இடைவெளிக் கோடு) வெட்டணும், இல்லேன்னா வெடிப்பு விட்டுடும். ஜேஇ (இளநிலைப் பொறியாளர்) பக்கத்துல நின்னு பாக்கணும் ஐயா, காண்ட்ராக்டர் கையில விட்டுட்டு போயிடக்கூடாது.

6. வேலைய சித்திரைக்கு முன்னாடி முடிச்சுக் குடுங்க.

தாங்க ஒரு நாள் மதியம் ரெண்டு மணிக்கு நேர்ல வந்து பாருங்க. தார் எஸ்டிமேட்ட ரத்து செஞ்சு, கான்கிரீட்டுக்கு உத்தரவு போடுங்க ஐயா. இந்த தடவையாவது பதில் எழுத்துல குடுங்க.

இப்படிக்கு,
மார்க்கெட் வியாபாரிகள், லோடுமேன்கள், காய் வாங்க வர்ற பொதுமக்கள்